கண்டாங்கியைக் காக்க அரசு வேண்டுமா?

தறிவீட்டுப் பிள்ளை, காரைக்குடி:
அப்பா குழித்தறியில் கண்டாங்கி நெய்கிறார். ஒரு சேலைக்கு இரண்டு நாள். சென்ற வாரம் ஒரு கடையில் அதே அரக்குச் சிவப்பு, அதே கட்டம், அதே அகலக் கரை. விசைத்தறியில் ஓட்டியது, பாதி விலை. மேலே ‘கைத்தறி’ என்று சீட்டு! காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. நானோ தடையற்ற சந்தையை நம்புகிறவன். விசைத்தறிக்காரரைத் தடுக்க அரசைக் கூப்பிடலாமா?

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, விசைத்தறி ஓட்டுவது அவர் உரிமை. பொய்ச் சீட்டு ஒட்டுவது உரிமை அல்ல. எங்கள் ஐயா பர்மாவில் கடை வைத்திருந்தார். 1962-இல் வந்த இராணுவ ஆட்சி கடையை எடுத்துக்கொண்டது. பெட்டகச் சாவியோடு மட்டும் ஊர் திரும்பினார். துருப்பிடித்து இன்னும் என் அலமாரியில் தொங்குகிறது. அரசுக்கு அதிகாரத்தை அளந்துதான் கொடுக்க வேண்டும்.

தேவகோட்டைக் கணக்கர்:
ராஜாஜி 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி எதிர்த்தது பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ஆட்சியை, நீதிமன்றத்தை அல்ல. மோசடியைத் தண்டிப்பது அரசின் கடமை. 1985 சட்டம் வேறு வகை. அது பொய் சொல்லாதவரையும் தடுக்கிறது.

தறிவீட்டுப் பிள்ளை:
நன்றி ஆச்சி, நன்றி ஐயா. சீட்டைப் பற்றி நாளையே புகார் எழுதுகிறேன். ஒதுக்கீட்டைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். “அதுவும் இல்லையென்றால் இந்தத் தறி என்றோ விறகாகியிருக்கும்” என்றார். அங்கேதான் தடுமாறுகிறேன்.