கலைச்சொல் விவாதம்: மோட்டர் வண்டி ஹீற்றருக்குக் ‘கணப்பு’, அதன் உள்ளுறுப்புக்குச் ‘செட்டைக்கூடு’

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

நான் எழுதிவரும் நூலில், பழைய மோட்டர் வண்டிகளின் ஹீற்றரை (வண்டிக்குள் சூடான காற்றைத் தரும் பெட்டியை) கழற்றிச் செப்பனிடும் அத்தியாயத்துக்குச் சொல் கேட்டிருந்தேன். வந்த மறுமொழிகளுக்கு நன்றி. ஹீற்றர் முழுவதற்கும் ‘வெப்பமாக்கி’, ‘சூடேற்றி’ என்றும், அதனுள் இருக்கும் குழாய்த் தொகுதிக்கு ‘வெப்பக் கரு’, ‘வெப்பத் தாயம்’, ‘சிறு கதிர்வீசி’ என்றும் முன்மொழிந்திருக்கிறீர்கள். இவற்றில் எதுவும் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு என் முன்மொழிவுக்கு வருகிறேன்.

முதலில், யாழ்ப்பாணத்து வெயிலில் ஹீற்றர் எதற்கு என்று கேட்ட சென்னை ஐயாவுக்கு. ஒஸ்ரின் வண்டிகளும், 1948இல் இங்கிலாந்தின் கவ்லியில் உற்பத்தி தொடங்கிய மொறிஸ் மைனரும் இங்கே இன்னும் தெருவில் ஓடுகின்றன. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோலைச் சிறிதளவு காட்டி எஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய வண்டிகள் இவை. அன்று அவற்றைக் காப்பாற்றியவர்களின் பிள்ளைகள் இப்போது ஒவ்வொரு உறுப்பையும் பழைய நிலைக்குக் கொண்டுவர விரும்புகிறார்கள். ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போகிறவர்களும் உண்டு. 1,868 மீற்றர் உயரத்தில் அதிகாலையில் முன்கண்ணாடியில் படியும் பனிப்புகாரை நீக்க ஹீற்றர்தான் வேண்டும். இன்னொரு பயனும் இருக்கிறது. ஆனையிறவு வெளியில் நண்பகலில் எஞ்சின் கொதிக்கத் தொடங்கினால், ஹீற்றரைத் திறந்து அதன் காற்றாடியையும் ஓடவிட்டால் நீரின் சூடு ஓரளவு இறங்கும். உள்ளே இருப்பவர்கள் வியர்த்துக் குளிப்பார்கள், எஞ்சின் தப்பும்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ‘வெப்பமாக்கி’ என்றால் வெப்பத்தை உண்டாக்குவது. இந்த வண்டிகளின் ஹீற்றர் எதையும் உண்டாக்குவதில்லை. எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரில் வெப்பமாக இறங்குகிறது. அந்த நீரில் கொஞ்சத்தை எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டின் பின்பக்கத்தில் உள்ள ஒரு சிறிய ரப் (நீரைத் திறந்து மூடும் அடைப்பான்) வழியாக எடுத்து, காற்றாடியின் முன்னால் ஓடவிட்டு, மறுபடி எஞ்சினுக்கே அனுப்புகிறோம். வேலை அவ்வளவுதான்.

பெயர் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதைக் கோண்டாவிலில் ஒரு கராஜில் கண்ணால் பார்த்தேன். அத்தியாயத்தின் முதல் வரைவைப் பயிலுநர் ஒருவரிடம் கொடுத்து, காற்று வருகிறது, சூடு வரவில்லை, பார் தம்பி என்றார் கராஜின் தலைமை மெக்கானிக். தம்பி கெட்டிக்காரர். சோதனை விளக்கை எடுத்துக்கொண்டு பெட்டிக்குள் மின்சுருளைத் தேடினார். காற்றாடிக்குப் போகும் வயரைத் தவிர வேறு வயரே இல்லை. ‘வெப்பமாக்கி’ என்று தாளில் இருக்கிறதே, அப்படியானால் சுருள் எங்கே என்று கேட்டார். கேள்வி நியாயமானது. கடைசியில் கோளாறு ரப்பில் இருந்தது. உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு இறுகி, அது பாதி திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றது.

இந்தச் சுண்ணாம்பைப் பற்றித் தமிழில் எழுதப்பட வேண்டியது நிறைய இருக்கிறது. ஆங்கிலக் கைநூல்கள் துருவையும் உறைபனியையும் பற்றித்தான் பேசும். நமக்குக் கிணற்று நீர்தான் எல்லாம். கிணறோ சுண்ணக்கல்லில் தோண்டியது. கேத்திலின் அடியில் படிவதுதான் றேடியேற்றரிலும் ஹீற்றரிலும் படிகிறது. ஹீற்றரின் குழாய்கள் ஒடுங்கியவை, நீரோட்டமும் மெதுவானது. ஆகவே அடைப்பு அங்கே விரைவில் வரும். கழற்றியதும் நீரை வழக்கமான திசைக்கு எதிராகச் செலுத்திக் கழுவ வேண்டும். பிறகு நீர்த்த சித்திரிக்கமிலத்தை இளஞ்சூட்டில் ஊற்றி, நுரை அடங்கும்வரை வைத்து, நல்ல நீரால் அலச வேண்டும். மலசலகூடம் கழுவும் ஐதரோகுளோரிக்கமிலத்தை ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். பித்தளையையும் ஈயப்பற்றையும் அது அரித்துவிடும். கழுவிய பின் ஒரு வாயை அடைத்து, மறுவாயால் காற்றடித்து, வாளி நீருக்குள் அமிழ்த்திக் குமிழி பார்க்கலாம். சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தலைத் தாண்ட வேண்டாம். எழுபது வருடத்துப் பற்று அதற்கு மேல் தாங்கும் என்று நம்ப முடியாது.

இந்த வரிகளில் ‘அது’, ‘அங்கே’ என்று நான் தடுமாறுவதைக் கவனித்திருப்பீர்கள். கழுவுகிற அந்த உறுப்புக்குப் பெயர் இல்லை.

‘கரு’ என்பது ‘கோர்’ (core) என்ற ஆங்கிலச் சொல்லின் நிழல். நடுவில் இருக்கும் கெட்டியான ஒன்றைத்தான் அது காட்டும்; இந்த உறுப்போ உள்ளே வெறுமையாக இருப்பதால்தான் பயன்படுகிறது. ‘தாயம்’ (matrix) எங்கள் பிள்ளைகளுக்குக் கணித பாடத்தில் வருவது. நிரை நிரலாக எண்களை எழுதுவார்கள். கராஜில் அதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. ‘கதிர்வீசி’யில் வேறொரு பிழை இருக்கிறது. நீரின் சூடு உலோகத்துக்குக் கடத்தலால் போகிறது, உலோகத்திலிருந்து ஓடும் காற்றுக்கு மேற்காவுகையால் போகிறது. கதிர்வீசலின் பங்கு மிகச் சொற்பம். ஆங்கிலம் ஒருகாலத்தில் ‘றேடியேற்றர்’ (கதிர்வீசி) என்று பிழையாகப் பெயர் வைத்துவிட்டது என்பதற்காக நாமும் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

உறுப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். தட்டையான குழாய்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு இடையில் தாள் போன்ற மெல்லிய செம்புத் தகடுகள், மீனின் செட்டை போலவே மடிப்பு மடிப்பாக. விரல் பட்டால் வளைந்துவிடும். வளைந்த இடத்தில் காற்று போகாது, ஒவ்வொன்றாக நிமிர்த்தத்தான் வேண்டும். எங்கள் பாடநூல்களிலும் மீன்சந்தையிலும் ‘செட்டை’ ஒரே பொருளில் வழங்குகிறது. ஆகவே ‘செட்டைக்கூடு’ என்கிறேன். இதில் இன்னொரு வசதியும் உண்டு: றேடியேற்றரின் உள்ளும் இதே அமைப்புத்தான், குளிரூட்டியின் உள்ளும் இதே அமைப்புத்தான். மூன்றுக்கும் ஒரே சொல் போதும். தமிழ்நாட்டில் ‘துடுப்பு’ என்பீர்கள் என்று தெரியும். ஆனால் வண்டிக்குள் துடுப்பு என்றால் எங்கள் கரையோரப் பிள்ளைகள் வள்ளத்துக்குப் போய்விடுவார்கள்.

முழு ஹீற்றருக்கும் ‘கணப்பு’ என்ற பழைய சொல்லையே எடுக்கலாம். குளிர்காய மூட்டும் தீக்கு அது பெயர். உடம்பு கணகணக்கிறது என்று இன்றும் சொல்கிறோம். கணப்பிலும் தீதானே எரிகிறது, அப்படியானால் ‘வெப்பமாக்கி’க்கு நீங்கள் சொன்ன குற்றம் இதற்கும் பொருந்துமே என்று கொழும்பு அக்கா தனிமடலில் கேட்டார். நல்ல தடை. ஆனால் வீட்டில் கணப்புச் சட்டியை எப்படித் தயாரித்தார்கள்? சமைத்து முடித்த அடுப்பிலிருந்து தணலை அள்ளிப் போட்டார்கள். அடுப்பு தன் வேலைக்காக எரிந்தது. மிஞ்சிய சூட்டை அறைக்கு எடுத்துப் போனார்கள். எஞ்சினுக்கும் ஹீற்றருக்கும் உள்ள உறவும் அதுவேதான். தேமோஸ்ரற்றை (நீர் சூடாகும்வரை அதை றேடியேற்றருக்குப் போகவிடாத வால்வை) கழற்றி எறிந்த வண்டியில் ஹீற்றர் ஏன் வெதுவெதுப்பாகவே நிற்கிறது என்பதும் இந்தச் சொல்லோடு விளங்கிவிடும். வெப்ப நாடுகளுக்கென்று விற்ற தேமோஸ்ரற்கூட 74 பாகை செல்சியசில்தான் திறக்கும். அதையும் எடுத்துவிட்டால் அடுப்பில் தணல் சேராது.

‘கணப்பி’ என்று விகுதி சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. பெயர்ச்சொல்லாகவே அது நிறைவாக நிற்கிறது.

ஹீற்றர் என்றே விட்டுவிடலாம் என்ற மடலுக்கு: கராஜில் ஹீற்றர் என்றே சொல்லட்டும், நானும் சொல்கிறேன். ஆனால் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்துக் கலைச்சொற்களையும் ஆக்கிய மண் இது. உடலின் உறுப்புகளுக்கு முடிந்தது, ஒரு தகரப்பெட்டியின் உறுப்புகளுக்கும் முடியும்.

மோட்டர், காற்றாடி, றப்பர்க் குழாய் ஆகியவற்றில் சிக்கல் இல்லை. வழங்கும் சொற்களையே வைத்திருக்கிறேன். பற்றரியின் நேர்முனை பொடியில் (வண்டியின் உலோக உடலில்) பூட்டப்பட்ட வண்டிகளில் காற்றாடி மோட்டரின் வயர்களை முனை மாற்றிப் பூட்டக்கூடாது என்ற எச்சரிக்கையைத் தனிக்கட்டத்தில் போடுகிறேன்.

முடிவாகாமல் நிற்பவை இரண்டு. ஒன்று, நீரைத் திறக்கும் அந்த ரப். ‘கணப்பு ரப்’ என்று எழுத மனம் வரவில்லை. ‘கணப்புத் திருகு’ என்றால் திருகாணியோடு மயங்கும். மற்றது, சூட்டுக் காற்றைக் கண்ணாடிக்கும் கால்மாட்டுக்கும் பிரித்து அனுப்பும் சிறு கதவு. வவுனியாவில் பஸ் திருத்துகிறவர்கள் இதற்கு ஏதோ ஒரு சொல் வைத்திருப்பதாகக் கேள்வி. அங்கிருந்து யாரேனும் விசாரித்து எழுதினால் அத்தியாயத்தை முடித்துவிடுவேன்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து