வீட்டு ஸ்டோரேஜுக்கு ரெய்டு கார்டு வாங்கலாமா? எந்த ஹார்ட் டிஸ்க் போடுவது?

வெட்டாற்றுக்கரை கேட்டது:

கொரடாச்சேரி பக்கம் வீட்டு மாடியிலேயே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். தை, வைகாசி முகூர்த்தம் வந்தால் 4கே ஃபுட்டேஜ் மலைபோலக் குவிந்துவிடும். இப்போதைக்கு டிராயர் நிறைய எக்ஸ்டர்னல் டிஸ்க், ஒவ்வொன்றிலும் பொண்ணு மாப்பிள்ளை பேர் எழுதின ஸ்டிக்கர், ஸ்டிக்கர் உரிந்தால் தேட வேண்டியதுதான். இதோடு எங்கள் பெரியப்பா கோயில் திருவிழாக்களில் பதிவு செய்த நாகஸ்வரக் கேசட்டுகள் இருநூறு தேறும், அதையும் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

பழைய ஐ5 மெஷின் ஒன்று சும்மா கிடக்கிறது. எல்எஸ்ஐ 9260-8ஐ ரெய்டு கார்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து நடத்துவது) பேட்டரியோடு செகண்ட்ஸில் மலிவாக வருகிறது. 4 டிபி டிஸ்க் நாலு வாங்கி ரெய்டு 5 (ஒரு டிஸ்க் அளவு இடம் பாதுகாப்புக்குப் போகும், ஒரு டிஸ்க் பழுதானாலும் டேட்டா தப்பிக்கும்) போட்டால் 12 டிபி கிடைக்கும் என்று கணக்கு. சரியா? சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் போதுமா, நாஸ் டிஸ்க் (நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிக்கானது) என்று கூடுதல் விலை சொல்கிறார்களே அதுதான் வேண்டுமா? இங்கே கரண்ட் நிலவரம் தெரியும்தானே, சுற்றிலும் மோட்டார் ஓட ஆரம்பித்தால் வோல்டேஜ் படுத்துவிடும்.

குடந்தை சர்வர் பதில்:

தம்பி, கார்டு நல்ல கார்டுதான், உங்கள் வீட்டுக்குத்தான் சரிப்படாது. அது சர்வர் பெட்டிக்குள் எந்நேரமும் காற்று அடிக்கும் இடத்துக்காகச் செய்தது. டெஸ்க்டாப் கேபினெட்டில், அதுவும் அக்னி நட்சத்திரத்தில் மாடி அறையில் வைத்தால் அந்த ஹீட்சிங்க்கில் விரல் வைக்க முடியாது. தனியாக ஒரு ஃபேன் கட்டித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது பேட்டரி. செகண்ட்ஸ் கார்டோடு வருவது பெரும்பாலும் சார்ஜ் நிற்காத பேட்டரியாக இருக்கும். பேட்டரி சரியில்லை என்று தெரிந்த உடனே கார்டு தானாகவே ரைட் பேக்கை (கேஷ் என்ற தன் நினைவகத்தில் வாங்கி வைத்துப் பிறகு டிஸ்க்கில் எழுதுவது) விட்டு ரைட் த்ரூவுக்குப் (உடனே டிஸ்க்கிலேயே எழுதுவது) போய்விடும், அப்புறம் ரெய்டு 5-இல் எழுதும் வேகத்தைப் பார்த்தால் அழுகை வரும். எந்த வேகத்துக்காகக் கார்டு வாங்கினோமோ அதுவே போச்சு.

உண்மையில் அந்த வேகம் உங்களுக்கு எங்கே தேவை? எடிட்டிங் மெஷினிலிருந்து ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில்தானே எடுக்கப்போகிறீர்கள், அதில் வினாடிக்கு 110 எம்பி சுமாருக்கு மேல் போகாது. இன்றைய ஒற்றை டிஸ்க்கே அதை நிரப்பிவிடும்.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் பெரிது: கார்டு செத்துப்போனால் டிஸ்க்குகளில் இருப்பதைப் படிக்க அதே வகைக் கார்டு இன்னொன்று வேண்டும். முகூர்த்த சீசனில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஆள் அனுப்பித் தேடிக்கொண்டிருப்பீர்கள். லினக்ஸின் எம்டிஅட்ம் (கார்டு இல்லாமலே ரெய்டு அமைக்கும் மென்பொருள்) போட்டிருந்தால் டிஸ்க்குகளைக் கழற்றி எந்த மெஷினில் மாட்டினாலும் எழுந்துவிடும். உங்கள் மதர்போர்டில் டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட் நாலு இருக்குமே, அதுவே போதும். போர்ட் பற்றாவிட்டால் 9211-8ஐ மாதிரி ஐடி மோடில் ஓடும் கார்டு பாருங்கள், அது டிஸ்க்கை அப்படியே சிஸ்டத்திடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். 9260-இல் அந்த வசதி கிடையாது.

தஞ்சை மேலவீதி பதில்:

குடந்தைக்காரர் கார்டு என்றாலே கரித்துக்கொட்டுவார், பழக்கம்தான். நான் விண்டோஸ் மெஷினில் ரெய்டு கார்டு ஓட்டுகிறேன், ஒரு குறையும் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் கேஷில் இருந்ததைக் கார்டு காப்பாற்றுகிறது. மென்பொருள் ரெய்டு 5-இல் பாதி எழுதின நேரத்தில் கரண்ட் போனால் பேரிட்டி (இழந்த டேட்டாவை மீட்க எழுதி வைக்கும் கணக்கு) ஒன்று, டேட்டா ஒன்று என்று முரண்பட்டு நிற்க வாய்ப்பு உண்டு, அதை ஏன் சொல்லவில்லை? புதிய கார்டுகளில் பேட்டரிக்குப் பதிலாகக் கெப்பாசிட்டரும் ஃபிளாஷும் வருகிறது, சில வருஷத்துக்கு ஒரு தடவை பேட்டரி மாற்றும் வேலை இல்லை. லினக்ஸ் தெரியாதவர் கமாண்ட் அடித்து ரீபில்ட் (புது டிஸ்க்கில் டேட்டாவைத் திரும்ப நிரப்புவது) செய்வதைவிட, பழுதான டிஸ்க்கை உருவிப் புதுசைச் செருகினால் தானே ரீபில்ட் ஆவது மேல். ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு ஒத்துப்போகிறேன்: வாங்கினால் ஒரே மாடலில் ரெண்டு வாங்குங்கள், ஒன்று பீரோவில் இருக்கட்டும்.

மன்னை டிஸ்க் பதில்:

கார்டு சண்டை நடக்கட்டும், டிஸ்க் கேள்விக்கு யாரும் வரவில்லை.

முதலில் எஸ்எம்ஆரா சிஎம்ஆரா என்று பாருங்கள், டிஸ்க்கில் டிராக்குகளை அமைக்கும் இரண்டு முறை இவை. எஸ்எம்ஆர் டிஸ்க்கில் டிராக்குகள் கூரை ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும், ஒன்றை மாற்றி எழுத அடுத்ததையும் சேர்த்து எழுத வேண்டும். சிஎம்ஆரில் அப்படி ஏறி இருக்காது. சும்மா கோப்பு போட்டு வைக்கும்போது வித்தியாசம் தெரியாது, ரீபில்ட் நேரத்தில் வண்டவாளம் வெளியே வரும். சீகேட் பாராகுடா 4 டிபி, 8 டிபி இரண்டும் எஸ்எம்ஆர். 'நாஸ்' என்று லேபிள் இருந்தால் போதும் என்றும் நம்ப முடியாது. 2020-இல் டபிள்யூடி ரெட் 2 முதல் 6 டிபி வரையிலான இஎஃப்ஏஎக்ஸ் மாடல்கள் எஸ்எம்ஆர் என்று வெளியே தெரிந்து பெரிய ரகளை ஆனது. இப்போது ரெட் பிளஸ், ஐயன்வுல்ஃப் இரண்டும் சிஎம்ஆர்.

இன்னொன்று, டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு செக்டர் படிக்கவில்லை என்றால் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். கார்டு அவ்வளவு நேரம் பொறுக்காது, டிஸ்க் செத்தது என்று வரிசையிலிருந்து தள்ளிவிடும். நாஸ் டிஸ்க் 7 வினாடி சுமாரில் கைவிட்டுப் பிழை என்று சொல்லிவிடும், மீதியை ரெய்டு பார்த்துக்கொள்ளும். கூடுதல் விலையில் இதுவும் அடக்கம்.

என்னைக் கேட்டால் நாலு 4 டிபி வேண்டாம், 8 டிபி ரெண்டு வாங்கி மிர்ரர் (ரெண்டிலும் ஒரே டேட்டா) போடுங்கள். பேரிட்டியே இல்லாததால் மேலவீதி சொன்ன தொல்லையும் பெரும்பாலும் போச்சு. வினாடிக்கு 150 எம்பி என்று வைத்தாலும் 8 டிபி ரீபில்ட் ஆகப் பதினைந்து மணி நேரம், அதற்குள் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ரெண்டு டிஸ்க்கையும் ஒரே கடையில் ஒரே பேட்ச்சில் வாங்க வேண்டாம்.

முத்துப்பேட்டை அலையாத்தி பதில்:

கஜா புயல் வந்தது 2018 நவம்பர் 16. எங்கள் பக்கம் கம்பமெல்லாம் சாய்ந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, ஓடு பறந்த வீடுகளில் மழை நேராக உள்ளே. அந்த மாதிரி ராத்திரியில் ரெய்டு 5 இருந்தால் என்ன, 6 இருந்தால் என்ன. நாலு டிஸ்க்கும் ஒரே பெட்டியில், ஒரே அறையில். இடி இறங்கினாலும் அதே கதை. தப்பாக ஒரு ஃபோல்டரை அழித்தால் ரெய்டு அதை எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காக அழித்துக் கொடுக்கும்.

கேசட் கணக்கைப் போட்டுப் பாருங்கள் தம்பி. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்கு 2 ஜிபி சுமார். இருநூறும் தொண்ணூறு நிமிஷக் கேசட் என்றே வைத்தாலும் 300 மணி நேரம், 600 ஜிபி. ஒரு டிபி டிஸ்க்கில் அடங்கிவிடுகிறது! 4கே வினாடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி, இடத்தை அடைப்பது அதுதான், ஆனால் ஆல்பம் கொடுத்துப் பணம் வாங்கியபின் எத்தனை பேர் மூல ஃபுட்டேஜ் கேட்டு வருகிறார்கள்? பெரியப்பா பதிவு செய்தது போனால் யாரிடம் கேட்பீர்கள்? அதை முதலில் ரெண்டு சின்ன டிஸ்க்கில் போட்டு, ஒன்றைத் திருச்சியிலோ மதுரையிலோ சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். கார்டு பேச்சு அப்புறம்.

வெட்டாற்றுக்கரை:

அண்ணன்மார்களுக்கு நன்றி. கார்டு வேண்டாம் என்று விற்கிற ஆளிடம் சொல்லிவிட்டேன் (மேலவீதி அண்ணன் கோபிக்க வேண்டாம்). 8 டிபி ஐயன்வுல்ஃப் ஒன்று, ரெட் பிளஸ் ஒன்று, லினக்ஸ் மிர்ரர். கேசட் காப்பி திருச்சி தங்கச்சி வீட்டுக்கு. ஒரே சந்தேகம், வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறது, தனி யூபிஎஸ் வேண்டுமா?

குடந்தை சர்வர்:

வேண்டும். இன்வெர்ட்டர் மாறும் நேரத்தில் சில மெஷின் ரீஸ்டார்ட் ஆகிவிடும், போதாக்குறைக்குப் பேட்டரி இறங்கிப்போனதை அது கம்ப்யூட்டரிடம் சொல்லாது. யூஎஸ்பி போர்ட் உள்ள யூபிஎஸ்ஸாக வாங்கி நட் (NUT) என்ற யூபிஎஸ் கண்காணிப்பு மென்பொருளில் இணைத்தால் சார்ஜ் குறையும்போது மெஷின் தானே ஷட்டவுன் ஆகும். லோ வோல்டேஜ் இருப்பதால் ஏவிஆர் (வோல்டேஜைத் தானே சரிசெய்யும் வசதி) உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். மாடிக்கு எர்த் ஒயர் ஒழுங்காக வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டு ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.