பதிவேட்டில் ஏறாத பெட்டி: ‘தி வயர்’ இரண்டாம் பருவத்தைப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

பாம்பனிலிருந்து, மீன் கம்பெனிக் கணக்கர்

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் மட்டும் கொஞ்சம் வரும். காலை பத்து மணிக்குள் தராசு ஓய்ந்துவிடும். அப்படியொரு தடைக்காலத்தில் சென்னையிலிருந்து வந்திருந்த என் தங்கை மகன், “மாமா, இது துறைமுகத்துக் கதை, நீங்கள் பார்த்தே ஆக வேண்டும்” என்று தன் மடிக்கணினியைத் திறந்து வைத்தான். ஆங்கிலத் தொடர் நமக்கெதற்கு என்றுதான் உட்கார்ந்தேன்.

‘தி வயர்’ அமெரிக்காவின் பால்டிமோர் நகரைப் பற்றியது; 2002 முதல் 2008 வரை ஐந்து பருவங்களாக, 60 பகுதிகளாக எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் வந்தது. அதை உருவாக்கிய டேவிட் சைமன் அந்த ஊர் நாளிதழில் குற்றச் செய்திகளை எழுதியவர். அவருடன் சேர்ந்து எழுதிய எட் பர்ன்ஸ் அங்கேயே துப்பறிவாளராக இருந்து, பிறகு பள்ளி ஆசிரியரானவர். முதற்பருவம் போதைப்பொருள் விற்கும் தெருக்களில் நடக்கிறது. 2003இல் வந்த இரண்டாம் பருவமோ, பழகிய முகங்களை ஓரமாக நிறுத்திவிட்டுக் கப்பல்துறைக்குப் போய்விடுகிறது. என் மருமகனுக்கு அது பிடிக்கவில்லையாம். எனக்கு அங்கேதான் கதை தொடங்கியது.

சரக்கு இறக்கும் தொழிலாளர் சங்கத்தின் பொருளாளர் பிராங்க் சொபோட்கா. கப்பல் வரத்துக் குறைந்துவிட்டது. பணிமூப்பு இல்லாத இளைஞர்களுக்கு மாதத்தில் சில நாள்களே வேலை கிடைக்கிறது. கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கன்டெய்னர் பெட்டியின் எண்ணையும் சரிபார்ப்பவர் கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் அந்தப் பெட்டி கண்முன்னே நின்றாலும் கணக்கில் இல்லை. லாரி வந்து இழுத்துக்கொண்டு போய்விடும். பிராங்க் எதையும் திருடுவதில்லை, எழுதாமல் விட ஏற்பாடு செய்கிறார், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. அதற்குக் கிடைக்கும் பணத்தைத் தன் வீட்டுக்கும் கொண்டுபோவதில்லை. கால்வாயை ஆழப்படுத்தவும் பழைய தானியத் துறையைத் திரும்பக் கட்டவும் அரசியல்வாதிகளிடம் பேச ஆள் வைத்து அவருக்குக் கொட்டிக் கொடுக்கிறார். ஒருநாள் ஒரு பெட்டிக்குள் பதின்மூன்று பெண்கள் மூச்சடைத்து இறந்து கிடக்கிறார்கள்.

நான் இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தராசடியில் உட்கார்ந்து எழுதுகிறவன். எடை சொல்பவர் ஒரு கூடையைச் சொல்லாமல் தள்ளினால், என் நோட்டில் அந்தக் கூடை கிடையாது. ஆகவே பிராங்கின் தொழில் எனக்கு விளக்கிச் சொல்லப்பட வேண்டியதாக இருக்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு சம்மாட்டி (படகு முதலாளி) இருந்தார். கடல் அட்டை என்கிற கடலடி உயிரினத்தைக் குடலெடுத்து, வேகவைத்து, மணலில் புதைத்து, தேய்த்துக் கழுவிக் காயவைப்பது அன்று ஊரறிந்த தொழில். அவருடைய கொட்டிலில் பத்துப் பதினைந்து பெண்கள் அதில் கூலி பெற்றார்கள். 2001இல் அது தடை செய்யப்பட்டதும் அதே கொட்டில், அதே அடுப்பு, அதே பெண்கள் குற்றத்துக்குள் வந்துவிட்டார்கள். மற்றவர்கள் நிறுத்தினார்கள், அவர் நிறுத்தவில்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினார். எங்கள் கோயிலில் உபயம் என்று பெயர் எழுதாத ஒரே குழல்விளக்கு அவர் கொடுத்ததுதான். அவரிடம் சோதனை நடந்த மறுநாள், எங்கள் கம்பெனிக்கும் வந்து என் நோட்டைப் புரட்டினார்கள். அதில் ஒன்றும் இல்லை. நான் பொய் எழுதவில்லை, எழுதவேயில்லை. அன்று முதல் அந்த மனிதரை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ என்னால் யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை.

பிராங்கைப் பார்த்தபோதும் அதுவே நடந்தது. அவர் பிடிபடக் கூடாது என்று நான் ஐந்தாறு பகுதிகளாக வேண்டிக்கொண்டிருந்தேன் என்பதும், அப்படியானால் அந்தப் பதின்மூன்று பெண்களுக்கு நான் என்ன பதில் வைத்திருக்கிறேன் என்பதும் ஒரே இரவில் சேர்ந்து உறைத்தன. இத்தனைக்கும் அவர்மேல் விசாரணை தொடங்குவது கடத்தலுக்காக அல்ல: தேவாலயத்தில் வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைக்கப் பிராங்க் சங்கத்தின் சார்பில் கொடுத்த நன்கொடை, அதே இடத்தில் காவலர்களின் பெயரால் ஜன்னல் வைக்க ஆசைப்பட்ட வால்செக் என்ற போலீஸ் அதிகாரியின் ரோஷத்தைக் கிளப்பிவிட, சங்கத்துக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று அவர் தோண்டத் தொடங்குகிறார். கோயில் காரியத்தில் முதல் மரியாதைக்காகத் தலைமுறைப் பகை வளர்ந்த ஊர்களைப் பார்த்த நமக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கடத்தல்காரர்களின் தலைவனான ‘கிரேக்கன்’ மட்டும் எனக்கு ஒட்டவில்லை. எல்லாம் அறிந்தவனாக, எதிலும் சிக்காதவனாக வந்து போகிறான். அவனுக்கு ஒரு வீடோ ஒரு கவலையோ இருப்பதாகத் தெரியவில்லை. மற்றவர்கள் அத்தனை பேரும் மனிதர்களாக இருக்கும் இடத்தில் அவன் ஒருவன்தான் வெறும் வில்லன்.

கீழக்கரையிலிருந்து, பள்ளி ஆசிரியை

பாம்பன் ஐயா எழுதியதைப் படித்த பிறகுதான் நானும் எழுதத் துணிந்தேன். அவர் பிராங்குக்காக வேண்டிக்கொண்டார். எனக்கு அந்தப் பெட்டியைத் திறக்கும் பெண்ணை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. அவள் பெயர் பீடி ரஸ்ஸல். (சிரிக்க வேண்டாம், நம் கரையில் பீடி இலை என்றாலே கடத்தல் பேச்சு என்பது எனக்கும் தெரியும்.) சுங்கச்சாவடியில் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தவள், தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள், சம்பளம் கூடுதல் என்பதால் துறைமுகக் காவலுக்கு வந்தவள். குற்றவாளியைப் பிடிக்கும் ஆவேசம் எதுவும் அவளிடம் இல்லை. அவள் விசாரிக்க வேண்டியதோ நாள்தோறும் நலம் கேட்டுக்கொண்டிருந்த அதே தொழிலாளர்களை.

என்னை உலுக்கியது மெக்நல்டி என்ற துப்பறிவாளன். மேலதிகாரியோடு மோதியதால் அவனைத் துறைமுகப் படகு ரோந்துக்குத் தூக்கி அடித்திருக்கிறார்கள். இறந்த பெண்களின் வழக்கை ஏற்க எந்த அலுவலகமும் விரும்பாத நிலையில், அவன் காற்றையும் நீரோட்டத்தையும் கணக்குப் போட்டு, அந்தச் சாவுகள் தன் பழைய மேலதிகாரியின் எல்லைக்குள்தான் நடந்தன என்று நிறுவுகிறான். அதை அந்தப் பெண்களுக்காகச் செய்யவில்லை, வஞ்சம் தீர்க்கச் செய்கிறான். ஆனால் அதே மனிதன் பிறகு, நீரில் மிதந்து வந்த ஒருத்தியின் பெயரையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஊரெல்லாம் அலைகிறான். பெயர் கிடைக்கவில்லை.

வாடைக் காலத்தில் வடகடல் நீர் பாம்பன் கால்வாய் வழியாகத் தென்கடலுக்கு ஓடும், கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் திரும்பும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது எங்கள் கரையில் ஒரு பெண்ணின் உடல் ஒதுங்கியது. அது வாடைக் காலம். கூடி நின்ற பெரியவர்கள் எந்தக் காற்று, எத்தனை நாள், எந்தத் திசை என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தார்களாம். அடக்கத்துக்குப் போய் வந்த வாப்பா அன்று இரவு உம்மாவிடம், “என்ன பேர்னு ஒருத்தரும் கேக்கல” என்றார். அந்த வாக்கியம் என் நினைவில் எங்கோ கிடந்தது. மெக்நல்டி தோற்றுத் திரும்பிய காட்சியில்தான் மேலே வந்தது. ஆனால் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும்: பிராங்குக்கு இத்தனை நுணுக்கமாக ஒரு வாழ்க்கையைக் கட்டிக் கொடுத்த தொடர், பெட்டிக்குள் இருந்தவர்களில் ஒருத்திக்காவது ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கலாம்.

தொண்டியிலிருந்து, ஐஸ் கம்பெனி ஊழியர்

நான் சொல்ல வருவது பிராங்கின் மகன் ஸிக்கியைப் பற்றி. அவனைத் துறைமுகத்தில் யாரும் மதிப்பதில்லை. கவனத்தை ஈர்ப்பதற்காக வைரம் பதித்த பட்டையை ஒரு வாத்தின் கழுத்தில் கட்டி மதுக்கடைக்குக் கூட்டி வருகிறான்; எல்லோரும் அதற்கு ஊற்றிக் கொடுத்து, கடைசியில் அந்த வாத்து குடித்தே செத்துப் போகிறது. பிறகு திருட்டுக் கார்களை வாங்கும் ஒருவன் பேசிய தொகையைக் கொடுக்காமல் ஏளனம் செய்தபோது, ஸிக்கி வெளியே போய்த் துப்பாக்கியோடு திரும்பி வந்து அவனைச் சுட்டுவிடுகிறான். சுட்ட பிறகு காரில் உட்கார்ந்து அழுகிறான். பணத்துக்காகவா, மானத்துக்காகவா என்று கேட்டால் அவனுக்கே விடை தெரிந்திருக்காது.

எங்கள் கம்பெனியில் அப்படி ஒருவன் இருந்தான். கட்டி ஐஸை உடைக்கும் இயந்திரத்தருகே நின்றுகொண்டு சினிமா வசனம் பேசுவான். நாங்கள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தோம், அதை அவன் அம்மாவின் முன்னாலும் சொல்லிக் கூப்பிட்டோம். ஒரு மழைநாளில், வழக்கம்போல எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, அவன் ஐஸ் குத்தும் கம்பியை ஓங்கிவிட்டான். யாருக்கும் அடிபடவில்லை. கம்பியைக் கீழே போட்டுவிட்டு அவன் நின்ற நிற்பும், காருக்குள் ஸிக்கி உட்கார்ந்திருந்த விதமும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. மறுவாரம் அவன் திருப்பூருக்குப் போய்விட்டான். ஓங்கியவன் அவன் என்பதால் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவனைத்தான் குற்றவாளியாகச் சொல்லி வந்திருக்கிறேன். பட்டப்பெயரை முதலில் வைத்தவன் நான்.

என் நண்பர்கள் அந்த வாத்துக் காட்சியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். அப்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.