மறு: வீட்டுச் சேகரிப்பை இணையத்தில் வைத்தால் அதற்கு என்ன பெயர்?

அண்ணாச்சிக்கும் குழு அன்பர்களுக்கும் வணக்கம்.

> 'மெய்நிகர் அருங்காட்சியகம்' என்று ஒரு சொல் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. நம்ம ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த வெண்கலமும் இரும்பும் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. அப்படியொரு நிறுவனம் தன் பொருள்களை இணையத்தில் காட்டினால் அந்தப் பெயர் பொருந்தும். ஒரு ஆள் தன் வீட்டுப் பெட்டியைத் திறந்து காட்டுவதற்குப் பொருந்தாது அண்ணாச்சி. 'மெய்நிகர்' என்றால் மெய்யைப் போன்றது. என் பொருள்கள் மெய்யாகவே மேசைமேல் கிடக்கின்றன.

எது கிடக்கிறது என்று சொன்னால்தான் விளங்கும். செங்கோட்டைப் பெரியம்மா வீட்டிலிருந்து வந்த சக்கரப்பலகை. கைப்பிடி வைத்த மரப்பலகை, முகமெல்லாம் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் குழி. திருவிதாங்கூரில் சக்கரம் என்று ஒரு வெள்ளிக்காசு இருந்தது, விரலுக்கு அகப்படாத அளவு சிறிசு. 28 சேர்ந்தால்தான் அந்த ஊர் ரூபாய் ஒன்று. ஒவ்வொன்றாக எண்ணி முடியாது. அள்ளிப் பலகையில் போட்டு உதறினால் குழிக்கு ஒன்றாக உட்காரும். மிச்சத்தை வழித்துவிட்டால் கணக்குச் சரி. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததற்கு எங்கள் வீட்டில் மிஞ்சிய சாட்சி அது ஒன்றுதான். ஒரு மூலையில் குழிகள் தேய்ந்து வழவழவென்று இருக்கும். பெருவிரல் பட்ட இடம்.

ஐரோப்பாவிலும் அருங்காட்சியகம் வீட்டில் தொடங்கியதுதான். டென்மார்க்கு மருத்துவர் ஓலே வோர்ம் சேர்த்த விந்தைப்பொருள்களின் பட்டியல் 1655-இல் அச்சாகி வந்தது. பிரிட்டிஷ் மியூசியத்துக்கே ஹான்ஸ் ஸ்லோன் என்ற தனி மனிதரின் சேகரிப்புதான் வித்து.

> பரண் என்று வைக்கலாமே. எல்லாருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல்தான் அக்கா. ஆனால் பரணில் ஏற்றுவது இப்போதைக்கு வேண்டாம் என்கிற சாமானை. நான் செய்வது இறக்குகிற வேலை.

> நம்ம பக்கத்து 'அரங்கு' எப்படி?

எனக்கும் முதலில் இதில்தான் ஆசை. வீட்டின் முன்பகுதிகளான தார்சா, பட்டாசல் தாண்டி, நகையும் பத்திரமும் இருக்கிற உள்ளறை. நெல்லைக்காரருக்குச் சொன்னவுடன் புரியும். மற்ற ஊர்க்காரருக்கு அரங்கு என்றால் நாடகமேடை, புத்தகக் கண்காட்சிக் கடை. அதுகூடப் பரவாயில்லை. வேற்றாளை நாம் அரங்குக்குள் விடுவதில்லையே! இங்கே வேற்றாள் வந்து பார்க்கவேண்டும் என்பதுதானே நோக்கம்.

அதனால் என் முன்மொழிவு முன்றில். இல்லத்தின் முன்பகுதி. 'இல்முன்' என்பது 'முன்றில்' ஆனதை இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். வீடும் அதில் இருக்கிறது, வருகிறவர் நிற்க இடமும் இருக்கிறது. முழுப்பெயர் வேண்டுமானால் 'அரும்பொருள் முன்றில்', பேச்சுக்கு முன்றில் போதும். நடத்துகிறவர் முன்றிலார். பழஞ்சொல், பேச்சில் இல்லை என்று சொல்வீர்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்று சொல்லிக்கொண்டிருந்த சனம்தான் இன்று அருங்காட்சியகம் என்கிறது, முன்றிலும் பழகிவிடும்.

இன்னொரு சொல்லும் உடனே தேவைப்படுகிறது. பொருள் யாரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து, எத்தனை கைமாறி நம்மிடம் வந்தது என்ற விவரம். அது இல்லாவிட்டால் சக்கரப்பலகை வெறும் ஓட்டை விழுந்த கட்டை. 'மூலவரலாறு' என்று ஒருவர் எழுதியிருந்தார், கனமாக இருக்கிறது. நான் படிவத்தில் 'வந்தவழி' என்று போட்டிருக்கிறேன். பலகைக்கு எழுதியது இப்படி: 'வந்தவழி: செங்கோட்டை, பெரியம்மாவின் மாமியார் வீடு, அரிசிப்பானை மூடியாக இருந்தது.'

இரண்டு சொல்லையும் பார்த்துச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து,
அன்புடன்