பேனல் பெட்டிக்குள் நுழையும் இரும்புக் கான்ட்யூட்டுக்கு எர்த் இணைப்பு

கேள்வி: பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டிக்குள் இரும்புக் கான்ட்யூட் (ஒயர்கள் செல்லும் குழாய்) நுழையும் இடத்தில், அதைப் பெட்டியோடு பிடிக்கும் லாக்நட்டை இறுக்கினாலே எர்த் தொடர்ச்சி (எர்த் வரை அறுபடாத மின் பாதை) கிடைத்துவிடுமா?

பதில் 1: பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே லாக்நட் உட்காரும் இடத்தில் மட்டும் அதைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு, நட்டின் பற்கள் பெட்டியைப் பார்த்திருக்குமாறு இறுக்குங்கள். பலர் அதைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள்.

பதில் 2: வளையம் வளையமாகத் தட்டி எடுக்கும் துளையில் வெளி வளையங்கள் மிஞ்சியிருந்தால், கோளாறு மின்னோட்டம் (மின்சாரமுள்ள ஒயர் உலோகத்தைத் தொட்டுவிட்டால் பாய்வது) முழுவதும் அவற்றின் சிறு ஒட்டுகள் வழியாகவே பாய வேண்டியிருக்கும் என்பதால், எர்த் திருகுள்ள உலோக புஷ்ஷிங்கைக் (குழாய் முனையில் மாட்டும் வளையம்) பொருத்தி, அதிலிருந்து எர்த் ஒயர்கள் சேரும் எர்த் பட்டைக்குச் செம்பு ஒயர் இழுப்பதே பாதுகாப்பு. இணைப்பு தளர்ந்திருந்தால் பிரேக்கர் உடனே துண்டிக்காமல் போகலாம். குழாயைத் தொடுபவர் உயிருக்கே அது ஆபத்து.

கேட்டவர்: பிளாஸ்டிக் பெட்டியானால்?

பதில் 2: அங்கே லாக்நட் எதையும் இணைக்காது, ஒவ்வொரு குழாய்க்கும் புஷ்ஷிங்கும் ஒயரும் கட்டாயம்.