புதுப்பிப்பு: பார்த்தது நிற்குமா, கேட்டது நிற்குமா? மகளின் அறிவியல் செயல்திட்டம்

ஏழாம் வகுப்பு மகளின் அறிவியல் கண்காட்சிக்காக, கண்ணால் பார்த்ததா, காதால் கேட்டதா, எது நன்றாக நினைவில் நிற்கிறது என்று எப்படிச் சோதிப்பது எனப் போன மாதம் கேட்டிருந்தேன்.

பழைய திட்டத்தை மாற்றிவிட்டோம். படங்களைக் காட்டுவது, சொற்களை வாசித்துக் கேட்க வைப்பது என்றுதான் முதலில் இருந்தது. அப்படிச் செய்தால் வித்தியாசம் கண்ணுக்கும் காதுக்குமா, படத்துக்கும் சொல்லுக்குமா என்று பிரிக்கவே முடியாது. இதைச் சுட்டிக்காட்டியவருக்கு மனமார்ந்த நன்றி. இப்போது இரண்டிலும் சொற்கள்தான்: 12 சொற்களாக இரண்டு பட்டியல், சொல்லுக்கு 2 விநாடி. பாதிப் பிள்ளைகளுக்கு முதலில் சொல் எழுதிய அட்டை, மீதிப் பேருக்கு முதலில் செல்பேசியில் பதிந்த குரல். பட்டியல்களையும் மாற்றி மாற்றிக் கொடுத்தோம். இல்லாவிட்டால் எளிய பட்டியல் எந்தப் பக்கம் விழுகிறதோ அதுவே ஜெயித்துவிடும்.

மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கேட்ட பட்டியலில் கடைசிச் சில சொற்களைப் பலரும் தவறாமல் சொன்னார்கள்! உளவியலில் நன்கு அறியப்பட்ட விளைவுதான், ஆனாலும் வீட்டுக் கூடத்தில் அதை நேரில் பார்த்தது தனி சந்தோஷம். அட்டையைப் படித்த பிள்ளைகளின் உதடு மெல்ல அசைந்ததை மகளே கவனித்தாள். படித்ததையும் மனதுக்குள் ஒலியாக்கித்தான் வைத்துக்கொள்கிறார்கள். அதனால் தலைப்பிலிருந்து ‘கண் நினைவு’ போய், ‘படித்த சொல்’ வந்துவிட்டது.

அடுத்து, பட்டியல் முடிந்ததும் 30 விநாடி சத்தமாக எண்ணச் சொல்லிச் சோதிக்கப் போகிறோம். 1966இல் கிளான்சர், குனிட்ஸ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இப்படிச் செய்தபோது கடைசிச் சொற்களின் அனுகூலம் மறைந்துபோனது. எங்கள் பிள்ளைகளிடம் என்ன ஆகிறது என்று ஞாயிற்றுக்கிழமை தெரியும்.