பேக்கப்புக்குச் ‘சேமப்படி’: ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

கோப்பு அழிந்தால் மீட்பதற்காக எடுத்து வைக்கும் பிரதியான பேக்கப், கைபேசியில் ‘காப்புப் பிரதி’ என்று பழகிவிட்டது, ‘காப்புநகல்’ என்றும் எழுதுகிறோம், இனி எதற்கு இன்னொரு சொல் என்று இந்த இழையில் இருவர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். நானும் போன மாதம் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் அலுவலகக் கோப்புகள் இருக்கும் சேவையகத்துக்கு (சர்வர்) தமிழில் ஒரு கையேடு எழுத உட்கார்ந்தபோதுதான் இடித்தது.

முதலில் காதுக்கு இடித்தது. ‘காப்புநகலைப் பாதுகாப்பாகக் காப்பகத்தில் வைக்கவும்’ என்று எழுதிவிட்டு நானே இரண்டு முறை வாசித்தேன். காப்புரிமை, திரைக்காப்பு, காப்பீடு என்று அந்த வேர் ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. ஆனால் இது சின்னக் குறை. பெரிய குறை ‘நகல்’ என்ற சொல்லில் இருக்கிறது. நகல் எடுத்தாயிற்றா, வேலை முடிந்தது என்று அது நினைக்க வைக்கிறது. எங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னால் புரியும்.

எங்களிடம் இருப்பது ஒரு லினக்ஸ் சேவையகம். விண்டோஸ் கணினிகள், கோப்புகளைப் பகிர உதவும் சாம்பா என்ற மென்பொருள் வழியாக அதில் எழுதுகின்றன. பழைய மேக் ஒன்றிலிருந்து இரவில் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் கோப்புகள் வந்து சேரும். ஒருநாள் பார்த்தால் ‘தொகுப்பு’ என்ற பெயரில் இரண்டு அடைவுகள் (ஃபோல்டர்) அடுத்தடுத்து நிற்கின்றன. எழுத்துக்கு எழுத்து ஒன்றே. யாரோ தவறுதலாக உருவாக்கியது என்று ஒன்றை அழிக்கப் போனேன். நல்லவேளை, உள்ளே திறந்து பார்த்தேன். இரண்டிலும் வெவ்வேறு கோப்புகள்.

பெயரைக் கணினி சேமிக்கும் சிறு அலகான பைட்டுகளாகப் பிரித்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ஒரு பெயர் 24 பைட்டு, மற்றது 27. ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண்ணைக் குறியீடாகத் தரும் யூனிகோடில், ‘தொ’வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். மேக்கின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் பெயரை எப்போதும் பிரித்துத்தான் வைக்கும். எங்கள் விண்டோஸ் கணினிகளில் தட்டச்சினால் சேர்ந்தே வருகிறது. சேவையகத்தில் இருக்கும் லினக்ஸ் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 வழக்கமாகப் பைட்டை மட்டுமே பார்க்கும். அதற்கு இவை இரண்டும் வேறு வேறு பெயர்கள். ஆர்சிங்க்கில் பெயரின் குறியாக்கத்தை மாற்றித் தரும் ஐகான்வ் என்ற தெரிவு இருக்கிறது. அதைச் சேர்த்ததும் புதிய கோப்புகள் ஒழுங்காக வந்தன. பழையவற்றைக் கையால்தான் சேர்த்தோம்.

அப்புறம் நீளப் பெயர்கள். எக்ஸ்ட்4-இல் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறையான யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டு; ஆக 85 குறியீடுகள். ‘கு’வுக்கே இரண்டு குறியீடு போய்விடும் என்பதால், நாம் எண்ணும் எழுத்தில் ஏறக்குறைய ஐம்பது. விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸோ, யுடிஎஃப்-16 என்ற வேறொரு முறையில் 255 அலகுகள் வரை ஏற்கும், அதில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு ஓர் அலகுதான். கட்டுரைத் தலைப்பை அப்படியே கோப்புப் பெயராக வைக்கும் பழக்கம் எங்களிடம் உண்டு. அங்கே நன்றாகத் திறந்த கோப்புகள் இங்கே வந்து சேரவே இல்லை. பதிவேட்டில் ஒரு வரிப் பிழை மட்டும் இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை. தினமும் நகல் எடுக்கிறோம் என்ற நம்பிக்கையில் இருந்தோம். லினக்ஸ் கோப்புகளை எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைமை உள்ள வட்டுக்கு மாற்றினால் உரிமையாளர் விவரமும் அனுமதிகளும் போய்விடுவது தனிக் கதை.

ஆகவே நமக்கு வேண்டிய சொல், மூலம் கைவிடும்போது அதன் இடத்தில் பொருந்த வேண்டியது என்ற பொருளைச் சுமக்க வேண்டும். அப்படி ஒரு சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் உப்பு வண்டியைக் காட்டுகிறார். எருதுகள் இளையவை, பாரம் பெரிது, வழியில் மேடோ பள்ளமோ யார் அறிவார் என்று உப்பு வணிகர்களான உமணர்கள் வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். இருக்கும் அச்சு முறிந்தால் மாட்டும் அதற்குப் பெயர் ‘சேம அச்சு’. அந்த அச்சு அதே வண்டிக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அது வெறும் மரக்கட்டை. எங்கள் சேவையகத்தில் மாதக்கணக்கில் கிடந்தது மரக்கட்டைதான்.

‘சேமப்படி’ என்று முன்மொழிகிறேன். படி என்றால் பிரதி என்பது கையெழுத்துப்படி, அச்சுப்படி என்று வழக்கில் இருப்பதுதான். வினையும் தானாக வருகிறது: ‘சேமப்படி எடுத்தாச்சா?’ என்று கேட்டால் பேச்சிலும் நெருடவில்லை. காப்புப் பிரதியைவிடக் குறுகியது, சிறிய பொத்தானில் அடங்கும்.

படிக்கு மாடிப்படி, நெல் அளக்கும் படி என்று பல பொருள் உண்டே என்றால், முன்னால் சேமம் நிற்பதால் குழப்பம் வராது. ‘சேமி’ பொத்தானோடு மயங்குமே என்ற கேள்வியை மட்டும் என்னால் முழுவதும் தள்ள முடியவில்லை. இரண்டும் ஒரே வேர்தான். பட்டியலில் எப்போதும் ‘சேமப்படி எடு’ என்று முழுதாக எழுதினால் சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன்.

இதை ஏற்றால் மற்றவையும் ஒரு குடும்பமாக அமையும். ஃபுல் பேக்கப் முழுப்படி. ஒரு கணத்தில் கோப்புகள் இருந்த நிலையைப் பதியும் ஸ்னாப்ஷாட் கணப்படி, மூலம் இருக்கும் அதே வட்டில் இருக்கும் வரை அதைச் சேமப்படி என்று அழைக்க வேண்டாம், வட்டு போனால் இரண்டும் சேர்ந்தே போகும். சிங்க் என்பதற்கு ஒத்திசைவு என்ற சொல்லே இருக்கட்டும். ஓரிடத்தில் அழித்தால் மறு இடத்திலும் அழிக்கும் ஒன்றைச் சேமம் என்று சொல்லக் கூடாது.

இன்கிரிமென்டல் பேக்கப் என்பதற்குத்தான் எனக்குச் சொல் அமையவில்லை. முந்தைய படிக்குப் பிறகு மாறியதை மட்டும் எடுப்பது அது. ‘கூட்டுப்படி’ என்று பார்த்தேன். பலர் சேர்ந்து எடுத்தது போல ஒலிக்கிறது. ‘தொடர்படி’ என்றால் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பது போல இருக்கிறது. கையேட்டில் அந்த இடத்தை இன்னும் காலியாகவே விட்டு வைத்திருக்கிறேன். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.